பதினேழாம் கேள்வி

கலியாணம் நடந்ததெண்டு முதலில் நிரூபிக்க வேணுமாம்.
அதுக்குப் பிறகுதான்
நடக்கவேயில்லை எண்டு தீர்ப்புக் கேட்கலாமாம்.
சொல்லிப்போட்டுப் பாதர் சிரித்தார்.
நான் சிரிக்கேல்லை எண்டு கண்டு நிப்பாட்டினார்.

எங்கட பங்குப் பதிவேடு
மாத்தளனுக்குப் போற வழியில்
உழவுயந்திரப் பெட்டியோடு எரிஞ்சு போச்சு.
சாட்சிக் கையெழுத்து வைச்ச இரண்டு பேரில்
எட்வின் மாமா பொக்கணையில், பங்கருக்குள்.
மற்றவர் கனடாவில்.
அடிச்சால் எடுக்கிறாரில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வினாக்கொத்தில்
முப்பத்திநாலு கேள்வி.
இரணைப்பாலையில் கரண்ட் நிண்ட இரவு
டோர்ச்சைக் கடைவாயில் கவ்விக்கொண்டு எழுதினன்.
பதினேழாவது:
‘திருமண நாளன்று நீர் முழுச் சுதந்திரத்துடன் சம்மதித்தீரா?’
விடைக்கு இரண்டு புள்ளிக்கோடு.

இரண்டாயிரத்து எட்டு, ஆவணி.
அண்ணை படமாகத் திரும்பி வந்து ஏழு மாசம்.
வீட்டில் அடுத்தது நான்.
தாலி ஏறின பிள்ளையைக் கொண்டுபோகாயினம் எண்டு
ஊரே நம்பிச்சுது.
அந்தச் சனிக்கிழமை ஐஞ்சு சோடி,
கூறை ஒண்டு.
என்னட்டை வரேக்கை அது நனைஞ்சிருந்தது,
ஆற்ற வியர்வையெண்டு தெரியாது.
மேலே வண்டு இரைஞ்சுகொண்டு நிண்டது.
பீடத்தில் கேட்டது எனக்குக் கேட்கேல்லை.
அம்மா விலாவில் இடிச்சா.
‘ஓம்’ எண்டன்.

அந்த ஓம்
மரியாம்பிள்ளையின்ர மகன் றெஜினோல்டுக்குச் சொன்னதில்லை.
வாசலுக்கு வாறவைக்குச் சொன்ன
இல்லை.
இதை இரண்டு கோட்டுக்குள்
எப்பிடி அடைக்கிறது?

அடிச்சதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.
‘பிணக்குகள் எப்போது ஆரம்பித்தன’ எண்டு ஒண்டு இருக்கு.
பிணக்கு.
செட்டிகுளம் முகாமில்,
தண்ணி வரிசையில் ஆரோடையோ கதைச்சதுக்கு, கோப்பையால்.
திரும்ப ஊருக்கு வந்த வருசம் மண்வெட்டிப் பிடியால்.
இளையவள் வயித்தில் ஆறு மாசம்,
அப்பதான் இந்த வலக்கைச் சுட்டுவிரல்.
முந்தியொருக்கால் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னன்.
கேட்ட பாதர் அபராதம் தந்தார்,
எனக்கு.

இந்தப் பாதர் இளம் ஆள். மெதுவாகச் சொன்னார்:
அடி பிறகு வந்தது, எமில்டா.
நாங்கள் பார்க்கிறது அந்தக் காலமையை.
அண்டைக்கு இரண்டு பேரின்ர மனசுக்குள்ளும்
என்ன இருந்தது எண்டதை.

விதைநெல்லில் பதர் எவ்வளவெண்டு
முளைக்காத இடத்தைப் பார்த்துத்தானே தெரியும், பாதர்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.

சாட்சிக்கு அம்மாதான் மிச்சம்.
‘பிள்ளையள் இருக்கு, பொறு’ எண்டு
பதினாலு வருசம் சொன்ன அம்மா.
பரந்தனில் பஸ் மாறினம்.
ஒரு தேத்தண்ணி குடிக்க மாட்டன் எண்டிட்டா.
உள்ளே வேதப்புத்தகத்தில் கைவைச்சு
என்ன சொல்லப்போறா எண்டு தெரியாமல்
வெளியில் வாங்கில் இருந்தன்.
கதவு சரியாகப் பூட்டேல்லை.
‘விலாவில் இடிச்சது நான்.’
அவ்வளவுதான் கேட்டது.
பிறகு கனநேரம் ஒரு சத்தமும் இல்லை,
பேனை ஓடின சத்தம் மட்டும்.

திரும்பி வரேக்கை பஸ் நிறையச் சனம்.
நெரிசலில் அவவின்ர முழங்கை என்னில் முட்டினது.
டக்கெண்டு எடுத்தா.

தீர்ப்பு இன்னும் வரேல்லை.
அப்ப நாங்கள் ஆர், அம்மா? எண்டு மூத்தவன் கேட்கிறான்.
பிள்ளையள் பிள்ளையள்தான்,
சட்டத்திலேயே இருக்காம் எண்டன்.
நம்பினானோ தெரியாது,
மாட்டை அவிழ்க்கப் போனான்.

அப்பிடியொரு கலியாணம் ஒருநாளும் இருந்ததில்லை எண்டு
கடிதம் வந்தால்
கையெழுத்து வைச்சு வாங்க வேணும்.
மடங்காத இந்த விரலோடைதான்
பேனை பிடிப்பன்.